நல்ல காது

அறையின் அகலம் இரண்டு மீட்டர் அறுபது.
கட்டிலுக்கு ஒன்று அறுபது, தொட்டிலுக்கு அறுபது,
மிச்சம் நாற்பது.
அலமாரிக் கதவு திறக்க ஐம்பத்தைந்து வேண்டும்.
ஹால்வர்ட் டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி அளந்தான்,
சுவர் இரக்கப்பட்டு நகர்ந்திருக்கும் என்பதுபோல.

நார்விக்கில் அக்டோபர் கடைசி.
இன்னும் சில வாரங்களில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
இடையில் பிறக்கப்போகிறது எங்கள் குழந்தை.
முதல் ஆறு வாரம் அதற்குச் சூரியன்
வெறும் வதந்தி.

கட்டிலை நகர்த்தினோம்.
அவன் நகர்த்தினான், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
இன்னும் இன்னும் என்றேன்.
அடியில் ஒரு கம்பளிக் காலுறை,
பனிச்சறுக்கு மெழுகு டப்பா,
அவன் தங்கை டாக்னி எடுத்துவிட்டாள் என்று
நான்கு வருடம் நான் நம்பியிருந்த
காதணி.
அதை யாரிடமும் காட்டாமல் பைக்குள் போட்டேன்.
அவன் பார்த்துவிட்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.

அலமாரிக் கதவைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்தாயிற்று.
சனிக்கிழமை கீழறைக்குக் கொண்டுபோய்விடுவானாம்.
எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.
கதவில்லாத அலமாரியில் எங்கள் சட்டைகள்
விருந்துக்கு வந்து உட்காரச் சொல்லாதவர்கள்போல்
நின்றுகொண்டிருக்கின்றன.

தொட்டில், எய்லிஃப் வீட்டிலிருந்து வந்தது.
மேல்கம்பியில் மூன்று பிள்ளைகளின் பல்தடம்:
லேசாகக் கீறியது சுன்னிவா,
வரிசையாகக் கடித்தது தூர்மூட்,
மரத்தையே தின்னப் பார்த்தது ஆஸ்க்.
தேய்த்து வண்ணம் பூசட்டுமா என்றான் ஹால்வர்ட்.
வேண்டாம், இடம் பாக்கி இருக்கிறது என்றேன்.

பிறகுதான் வந்தது உண்மையான கணக்கு.
யார் எந்தப் பக்கம்?

பதினோரு வருடமாக அவன் ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம்.
துறைமுகத்தில் தாது நொறுக்கும் இயந்திரம்
அவன் இடது காதை எப்போதோ வாங்கிக்கொண்டது.
நல்ல காதைத் தலையணையில் அழுத்தி
என் பக்கம் முகம் திருப்பிப் படுத்தானென்றால்
உலகத்துக்குக் கதவடைத்தது மாதிரி.
என் ஒரே லாபம் அது என்பான்.

தொட்டிலுக்கு ஜன்னல் பக்கம்தான் இடம்.
பால் கொடுப்பவள் அதன் அருகில் இருக்க வேண்டும்.
ஆக நான் அங்கே, அவன் இங்கே.
இனியும் என் முகம் பார்த்துப் படுத்தால்
செத்த காது கீழே போகும்,
நல்ல காது மேலே வரும்.
அவன் கட்டிலில் மாறி மாறிப் படுத்துப் பார்த்தான்.
கணக்கு சரியாகத்தான் வந்தது.
லாபம் போயிற்று என்றான்.

முதல் இரவு ஒரு மணிக்கு எழுப்பினான்.
"என்ன அது?"
ரயில். கிரூனாவிலிருந்து தாது கொண்டு வருகிறது.
"தினமுமா?"
தினமும். பல தடவை.
பெட்டிகளை எண்ணியபடி நான் தூங்கிப்போவேன்,
இத்தனை வருடமும் தனியாக.
நாற்பதைத் தாண்டியதில்லை.

இரண்டாம் இரவு, "நீ குறட்டை விடுகிறாய்."
இல்லவே இல்லை.
"பதினோரு வருடமாகவா?"
இருட்டில் அவன் சிரிப்பது கட்டிலில் தெரிந்தது.

நேற்று மூன்று மணிக்கு விழித்திருந்தேன்.
அவன் ஆழ்ந்த தூக்கத்தில், வாய் லேசாகத் திறந்து.
காலித் தொட்டிலுக்குள் கைநீட்டி
மடித்த துணியை ஒரு விரல் நகர்த்தினேன்.
துணிமேல் துணி படும் ஓசை.
அது ஓசையே இல்லை.

"என்ன?" என்றான்.

ஒன்றுமில்லை, தூங்கு.

தூங்கவில்லை. கேட்டுக்கொண்டே கிடந்தான்.
உள்ளேயிருந்து ஓர் உதை.
அதை மட்டும்
அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.